ஆயிரம் ஓம்

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் கேட்டார்கள்,
நான்கு வருடம் கம்பெனியில் இருந்தவள்
எதற்கு இங்கே வருகிறாய் என்று.
கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட்.
ஒரு நாளைக்கு அறுநூறு போர்டு.
பச்சை எரிந்தால் இந்தப் பக்கம்
சிவப்பு எரிந்தால் அந்தப் பக்கம்.
சிவப்பு ஏன் என்று கேட்பது என் வேலையில் சேராது.
"ஏன் என்று கேட்கத்தான் வருகிறேன்" என்று சொல்லியிருக்கலாம்.
"வீடு பாண்டுப், நேர் ரயில் இருக்கிறது" என்றுதான் வாயில் வந்தது.

சேர்த்துக்கொண்டார்கள், மணிக்கணக்குக் கூலிக்கு.
பிள்ளையார் கரைக்கும் நாள், கூலி இல்லை.
தண்டவாளத்தில் மழைத்தண்ணீர், கூலி இல்லை.
விடைத்தாள் திருத்துவது மணியில் அடங்காதாம்.

தாராவி நகராட்சிப் பள்ளியில்
மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி என்று
ஒப்பித்து வளர்ந்தவள் நான்.
டிப்ளமா முதல் நாளில் அதே சாமான்கள்
வேறு பெயர் சூடி வந்து
என்னைத் தெரியாதது போல நின்றன.
இப்போது வாயில் இந்தி, இடையிடையே மராத்தி,
பலகையில் இங்கிலீஷ்.
பலகைக்கு முதுகு காட்டித் திரும்பும் அந்த ஒரு நொடி மட்டும்
உள்ளே ஒரு மின்தேக்கி நிரம்புகிறது, தமிழில்.

ரெசிஸ்டர் போடாவிட்டால் எல்.ஈ.டி. கருகிவிடும் என்றேன்.
கடைசி பெஞ்சு தன்வீர் எழுந்து,
"வாழ்க்கையும் அப்படித்தானே மேடம்?"
இல்லை. உட்கார்.
வாழ்க்கைக்கு டேட்டாஷீட் கிடையாது. இதற்கு உண்டு.
இரண்டாம் பக்கம், இருபது மில்லி ஆம்பியர். எழுதிக்கொள்.

ஆய்வகத்தில் அலைகாட்டி ஐந்து.
நான்கு எழுந்திருப்பதில்லை.
ஐந்தாவதை எங்கே தட்டினால் விழிக்கும் என்பது
உதவியாளர் காம்ப்ளேவுக்கு மட்டும் தெரியும்.
அவர் லீவு போட்டால்
சாக்பீஸில் சைன் அலை வரைகிறேன்,
கொஞ்சம் கோணலாக.

டிசம்பரில் ஆளெடுக்க வந்தார்கள்.
ருதுஜாவுக்கு மாதம் இருபத்திரண்டாயிரம்.
தீபாவளி விடுமுறை கழிந்த என் நவம்பர் பில்லைவிட
நாலாயிரம் கூட.
பேடா கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை.
"மேடம், உங்களை மாதிரி ஆக என்ன செய்யணும்?"
பி.ஈ. முதல் வகுப்பு, எம்.டெக்., அரசு விளம்பரம், காத்திருப்பு...
எல்லாம் நாக்கில் வரிசையாக நின்றன,
பேடாவோடு சேர்த்து விழுங்கினேன்.
அவள் கையிலிருந்த போர்டை வாங்கிப் பார்த்தேன்.
மூன்றாவது காலில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை.
"முதலில் இதை உருக்கி மறுபடி வை."
அது பதில் இல்லை.
அவளுக்கும் தெரியும், ஆனாலும் உருக்கினாள்.

துறைக்குப் பணம் மார்ச்சில்தான் வரும்.
சனிக்கிழமை லாமிங்டன் ரோட்டில்
என் காசில் நூறு ரெசிஸ்டர் வாங்கி
தாதரில் மாறி ஏறினேன்.
பெண்கள் பெட்டி. கிளிப், வளையல், கம்மல் அட்டைகள்
தலைக்கு மேல் ஆடிக்கொண்டு போயின.
மடியில் டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
எதிரே பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள்
குனிந்து கேட்டாள்,
"கம்மலா? ஜோடி என்ன விலை?"

பழுப்பு, கறுப்பு, சிவப்பு,
ஓரத்தில் ஒரு பொன் பட்டை.
"இது மட்டும் தங்கமா?"
"அஞ்சு சதவீதம் முன்னே பின்னே இருக்கும்னு அர்த்தம்."
"எங்க நகைக்கடையிலும் இதே கதைதான்" என்றாள்.

கம்பிக் கால்களை விரலில் வளைத்து, கொக்கியாக்கி
இரண்டு கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை.
ஒரு பிடி உரித்த பூண்டைக் காகிதத்தில் மடித்துத் தந்தாள்.
குர்லாவில் கூட்டம் அவளை வாரிக்கொண்டு இறங்கியது,
காதுக்கு ஆயிரம் ஓம்.

மீதி தொண்ணூற்றெட்டு.
திங்கட்கிழமை நாற்பது பேர், ஆளுக்கு இரண்டு.
போதும்.
தன்வீர் ஒன்றைக் கருக்குவான்,
அதற்கும் இருக்கிறது.