நான்கு இருபதும் பதினாறும்

படம் ஆறே நாள் ஓடியது.
ஏழாம் நாள் திபிலீசியில் பனி கொட்டிற்று;
சுவரொட்டியில் நாயகனின் மூக்கு
ஊறிப்போய்க் கீழே விழுந்தது.
பாட்டு மட்டும் கொட்டகையை விட்டு இறங்கி
முதல் டிராலி பஸ்ஸில்
டிக்கெட் எடுக்காமல் ஏறிக்கொண்டது.

உண்மையில் அப்படியொரு பாட்டே கிடையாது.
மூன்றாம் ரீலில் பாதியை லேபில் கெடுத்துவிட்டார்கள்.
நான்கு நிமிட ஓட்டை.
"அடைத்துக் கொடு" என்றார் இயக்குநர்,
குழாய்க்காரனிடம் சொல்வதுபோல.
இசையமைத்த அம்ப்ரோசிக்கு
மூன்று இரவு, ஐந்து பாட்டில்,
ஒரு சுரம்கூட வரவில்லை.

பக்கத்து அறையில்
உடைப் பிரிவு ஜுஜுனா
வாய் நிறையக் குண்டூசியோடு
நாயகனை அளந்துகொண்டிருந்தாள்.
எங்கள் மொழியில் எண்கள்
இருபது இருபதாகப் படியேறும்.
தொண்ணூற்றாறு வேண்டுமென்றால்
நான்கு இருபதும் பதினாறும்
நடந்துதான் போயாக வேண்டும்.

மார்பு, நான்கு இருபதும் பதினாறும்.
இடுப்பு, நான்கு இருபதும் ஒன்றும்.
கை, மூன்று இருபதும்
(இங்கே நாடா நழுவியது, மூச்சு வாங்கினாள்)
நான்கும்.

ஒற்றைச் செருப்போடு
பியானோவுக்கு ஓடினார் அம்ப்ரோசி.

பிறகு கவிஞர் வந்தார்.
மார்பின் மேல் நதியை வைத்தார்,
இடுப்பின் மேல் நிலாவை.
தணிக்கைக்காரர் 'தனிமை'யை அடித்து
'வசந்தம்' என்று எழுதினார்.
தத்தகாரம் அசையவில்லை.
தையற்காரி எடுத்த அளவு,
எந்தச் சொல்லும் போட்டுப் பார்க்கலாம்.

வ்ளாதிவஸ்தோக் மாலுமிகள் அதைப் பாடினார்கள்,
பாதி வார்த்தை தப்பாக.
படைமுகாமில், பல் வைத்தியர் வீட்டில்,
மாப்பிள்ளை ஓடிப்போன ஒரு கல்யாணத்தில்கூட.
வார்த்தை தொடங்குமுன் ஒரு மூச்சு கேட்குமே,
"அந்த மூச்சிலேயே காதல் முழுவதும் இருக்கிறது"
என்று பாடகரைப் புகழ்ந்து
மாஸ்கோவில் ஒருவர் இரண்டு பத்தி எழுதினார்.

பாடகருக்கு அன்று சளி.
மூச்சு ஜுஜுனாவுடையது.
ஒத்திகைக்குத் திறந்த மைக்கை
மூட மறந்தவன் நான்;
பிளேடால் வெட்டி
இசைத்தட்டின் நெற்றியில் ஒட்டியவனும் நான்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
எனக்கு அப்போது வயது
ஓர் இருபதும் பதினொன்றும்.

பெயர்ப் பட்டியலில் அவள் இல்லை.
நான் இருக்கிறேன், எழுத்துப் பிழையோடு.

பதினெட்டு வருடம் கழித்து
சொல்லிவிடுவதென்றே போனேன்.
உடை அறை வானொலியில் அதே பாட்டு,
அதே மூச்சு.
யாரோ ஒரு புது நாயகனின் தோளில் நாடா.
திரும்பாமலே,
ஊசிகளுக்கு நடுவிலிருந்து சொன்னாள்:
"அதைக் கொஞ்சம் குறையேன்,
எண்ணிக்கை தப்புகிறது."

குறைத்தேன்.