ஒரு போத்தல் மண்ணெண்ணெய்ப் படம்

ரெல்லியின் மூன்று படங்களையும் ஒப்பிடுவதென்றால்
முதலில் மண்ணெண்ணெயைச் சொல்லவேணும்.
முதற்படம் ஒன்றேமுக்கால் போத்தல்.
இரண்டாவது இரண்டரை.
மூன்றாவதின் கணக்கு ஒருவருக்கும் தெரியாது,
அது முடியவில்லை.

தொண்ணூற்றேழு, மல்லாவி.
அருளப்பரின் கொட்டிலுக்குள் பதினான்கு இஞ்சித் தொலைக்காட்சி,
சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோல் காட்டினால்தான்
இருமிக்கொண்டு எழும்பும் ஜெனரேட்டர்.
ஆளுக்கு ஐந்து ரூபாய்.
காசில்லாதவன் ஒரு கட்டு விறகு கொண்டு வரலாம்.
கசற்றின் முதுகில் இயக்குநரின் பெயர் பாதி கிழிந்திருந்தது.
மிஞ்சினது ரெல்லி.
அயலுக்குள் ஆள் மாதிரி அப்படியே கூப்பிட்டோம்.

முதற்படத்தில் பதினொரு சாவு.
எல்லாரும் சாக முன்னம் நீளமாய்க் கதைத்தார்கள்.
வெடிச்சத்தம் பிழை.
'உது துவக்கில்லை, கதவடிக்கிற சத்தம்'
முன்வரிசைச் சின்னப்பெடியனே சொன்னான்.
அந்த விஷயத்தில் எங்களை ஏமாற்ற ஏலாது.

இரண்டாவதில் ரயில் வந்தது.
எங்கள் தண்டவாளங்கள் பங்கருக்குக் கூரையாய்ப் போன காலம்;
ரயில் ஓடினதற்கே கைதட்டினோம்.
நாற்பத்துமூன்று பேர் என்று எண்ணினவள் கௌரிமலர்.
ஆறு குண்டுத் துவக்கால் ஒன்பது வெடி வைத்தானாம்,
மற்ற மூன்றும் ஆரிட்டைக் கடன் வாங்கினவன் என்று கேட்டாள்.

மூன்றாவதில் இரண்டு மணித்தியாலம் ஒருவரும் சாகவில்லை.
ஒரு ஈ. ஒரு கிணறு. கப்பி கிரீச்சிடும்.
பதினான்கு இஞ்சி முழுக்க ஒரே ஒரு கண், அதன் ஓரத்தில் புழுதி.
எங்கள் மாங்குளம் வீதியில் வந்து
எப்போது அள்ளிக்கொண்டு போனான் இவன்?

படப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர் சிவகடாட்சம்,
சாவகச்சேரியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து
சங்கக்கடையில் நிவாரண அட்டை எழுதினவர்.
இத்தாலி ஒரு சொல் தெரியாது.
வாய் அசைகிற நீளத்துக்குத் தமிழ் வெட்டிப் போட்டார்.
கொலைகாரன்கூட 'என்னடாப்பா' என்றுதான் துவங்குவான்.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன்.
கை இடுப்புக்குப் போனது.
ஜெனரேட்டர் விக்கியது.
படம் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் போனது.

எழும்பின ஆட்களை இருட்டுக்குள் சிவகடாட்சம் மறித்தார்:
'பொறுங்கோ, இன்னும் கிடக்கு.'
வாளி ஆருடையது என்று ஒருவன் கேட்டானாம்.
கயிறு என்ரை என்றானாம் மற்றவன்.
அள்ளினார்கள், குடித்தார்கள், குதிரைக்கும் வைத்தார்கள்.
'உது படமில்லை' என்று கத்தினாள் கௌரிமலர்.
'சுடாமல் போறதெண்டால்
இரண்டு மணித்தியாலம் ஏன் எங்களை முறைச்சவன்?'
விறகு கொண்டுவந்தவன் விறகைத் திருப்பிக் கேட்டான்.

போன வருஷம் கைபேசியில் அகப்பட்டது, எழுத்தும் ஓடியது.
நாலு செக்கனில் சுட்டு முடித்தான்.
செத்தவன் கிணற்றுக்குள் விழுந்தான்.
மற்றவன் வாளியை இறக்காமல், தாகத்தோடு
வந்த வழியே நடந்தான்.
நேர்மையாய்ச் சொன்னால் ரெல்லியின் முடிவுதான் திறம்.
மூன்றிலும் மூன்றாவதுதான் படம்.
இதைச் சொல்ல சிவகடாட்சம் இல்லை.
மாத்தளனில் கண்டதாக ஒருவர்,
அதற்கு முன்னமே காணேல்லை என்று இன்னொருவர்.

கௌரிமலரிடம் போனேன், யோகபுரத்தில் கடை வைத்திருக்கிறாள்.
'எத்தினை பேர்?' என்றாள்.
'ஒராள்.'
'கிணத்துக்கையோ?'
'ஓம். உனக்கு எப்பிடி—'

சீனி நிறுத்துக்கொண்டிருந்தாள்.
தராசு நேராகும்வரை பேசவில்லை.
'அண்டைக்கு முதல்நாள் இரவு அவர் தனியப் போட்டுப் பார்த்தவர்.
மண்ணெண்ணெய் ஏன் குறைஞ்சதெண்டு நினைச்சாய்?'