பதினான்காவது ஆள்

தோ பாயோ லோராங் எட்டில்
ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவில்
ஒரு லிஃப்ட் நாற்பது நிமிடம் நின்றது.
உள்ளே திருமதி கோ, ஒரு கட்டு கங்கோங் கீரை,
தண்ணீர்ப் பையில் துள்ளிக்கொண்டிருந்த மீன்.
கதவைத் திறந்தபோது அவர் எங்களைத் திட்டவில்லை.
மீன் செத்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

காக்கி புக்கிட் அலுவலகத்தில்
அந்த லிஃப்டின் மூளையைத் திரையில் பிரித்துப்போட்டு
இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.
சி மொழி. நானூறு வரி.
எழுதிய ஹோக் செங் இப்போது மெல்பர்னில்
காபிக்கடை வைத்திருக்கிறார்.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
அவர் விட்டுப்போன சின்ன அழகு:
அழைப்புகள் என்றோர் அணி, அதன் நீளம் 'என்'.
எழுதும்போது தெரியாது எத்தனை என்று.
ஓடும்போது எத்தனை பேர் பொத்தானை அழுத்தினார்களோ
அத்தனை அறை, கூடவும் இல்லை குறையவும் இல்லை.
பார்த்ததும் பிடித்துப்போனது.
அதுதான் சங்கடம்.

தொண்ணூறாம் ஆண்டுத் தரநிலை இதற்கு ஒப்பாது;
கட்டும் முன்பே எண்ணைச் சொல் என்னும்.
தொண்ணூற்றொன்பது இறங்கிவந்தது:
சரி, ஆள் வந்தபின் சொல்.
இரண்டாயிரத்துப் பதினொன்று
வைத்தாலும் வை, விட்டாலும் விடு என்று
கம்பைலர் செய்கிறவர்களிடம் கைகழுவியது.
ஒரே மொழி, மூன்று மனசு.

எங்கள் பழைய கம்பைலர் அன்றே முணுமுணுத்திருக்கிறது,
மஞ்சள் எழுத்தில் ஒரே ஒரு வரி.
அதன் வாயைக் கட்ட யாரோ
பில்டு கோப்பில் ஒரு கொடி சேர்த்திருக்கிறார்கள்.
தேதி: சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாலை, ஐந்தரை மணி.
பெயர்:
என் பெயர்.

எங்கள் சிப்பில் ஸ்டாக் கீழ்நோக்கி வளரும்.
ஒவ்வொரு ஃபங்ஷனும் ஒரு தளம் இறங்கும்.
கடைசித் தளத்துக்குக் கீழே தரை இல்லை,
பிறருடைய தரவு இருக்கிறது.

அன்று மழை.
நனைந்த கம்பி ஒன்று, பன்னிரண்டு என்பதற்குப் பதிலாக
இருபத்தெட்டாயிரம் பேர் காத்திருக்கிறார்கள் என்றது.
அணி மறுக்கவில்லை; மறுக்க அதற்கு வாய் இல்லை.
மாலாக்கிடம் கேட்டிருந்தால்
வெறுங்கையையாவது விரித்துக் காட்டியிருக்கும்.
இதுவோ இருபத்தெட்டாயிரம் நாற்காலிகளையும்
போட்டுவிட்டதாகவே நம்பி,
கதவின் நிலை, மோட்டாரின் வேகம், பிரேக்கின் கணக்கு
எல்லாவற்றின் மடியிலும் ஏறி உட்கார்ந்தது.
அப்புறம் என்ன ஆகும் என்று தரநிலையைக் கேட்டால்
எதுவும் ஆகலாம் என்கிறது.
திருமதி கோவுக்கு ஆனதும் அந்த எதுவுமில் சேரும்.

ஹஃபீசா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"இருபத்தைந்து மாடிக்கு எவ்வளவு வேணும்?
அறுபத்துநாலு போடுலா, வீட்டுக்குப் போகலாம்."
போட்டேன்.
அதற்கு முன்னால் ஒரு கேள்வியும் வைத்தேன்:
மிஞ்சினால் மறு, மறுத்ததை எழுதிவை.
அழகு போயிற்று.
இனி நள்ளிரவில் ஒற்றைக் குடிகாரர் வந்து அழுத்தினாலும்
அறுபத்துமூன்று காலி அறைகள்
பூச்சியத்தோடு விழித்திருக்கும்.

கொடியை நீக்கினேன்.
இத்தனை வருஷம் கட்டிக்கிடந்த வாய்
இருநூற்றுப் பதினேழு வரி பேசியது.
ஹஃபீசா பையை மறுபடி கீழே வைத்தாள்.

ஒன்பது மணிக்குக் கீழே போகிற லிஃப்டில் நுழைந்தேன்.
பதின்மூன்று பேர், எண்ணூற்று எண்பத்தைந்து கிலோ
என்றது தகடு.
என் கால் பட்டதும் அலறியது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை;
எல்லோரும் அவரவர் கைப்பேசியைப் பார்த்தார்கள்.
வெளியே வந்தேன், சத்தம் நின்றது.
கதவு மூடியது, எண்கள் இறங்கின,
ஏழு, ஆறு, ஐந்து,
ஒழுங்காக.

அது என்ன மீன் என்று
அவரிடம் கேட்கவே இல்லை.