ஃபிளாக்ஸுங்க, ஃபிளக்ஸ் இல்ல

கோத்தகிரியில் ஒரு காதுகுத்துக்குப் போனவள்
திரும்புகையில் பஸ் நின்ற இடத்தில் வாங்கினேன்.
அறுபது ரூபாய்,
ஈரச் சாக்கில் சுற்றிய வேர் மூன்று.
பேர் ஃபிளாக்ஸ் என்றான் நர்சரிக்காரன்.
வருசா வருசம் செத்துச் செத்து முளைக்குமாம்.
கீழ்நாட்டு வெயிலுக்குத் தாங்காது,
வேண்டாங்க்கா என்றும் சொன்னான்.
வேண்டாம் என்றதால்தான் வாங்கினேன்.

கணபதியில் ஒரு ஃபவுண்டரியில்
கோர் அடிக்கிறவள் நான்.
பம்ப்செட்டின் வயிற்றுக்குள் இருக்க வேண்டிய காலி இடத்தை
மணலும் பிசினும் குழைத்துக் கையால் பிடித்து வைக்கிற வேலை.
இரும்பு ஊற்றி ஆறியதும்
தட்டி உதிர்த்துவிடுவார்கள்.

ஃபிளாக்ஸ் வாங்கினேன் என்றால்
உலைப்பக்கம் நிற்கிற சென்னியப்பனுக்கு அது
கசடு எடுக்கப் போடுகிற பொடி.
"அத எதுக்கு அம்மிணி ஊட்டுக்குக் கொண்டு போறே?"
எதிர்வீட்டுப் பையனுக்கோ
முக்கில் கட்டுகிற பேனர்.
"யாரு போட்டோங்க்கா போட்டிருக்கீங்க?"
பூவுங்க, பூவு என்று
ஒரு வாரம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

குளிர் வேண்டும் அதுக்கு, எட்டு வாரம்.
கோயமுத்தூர் மார்கழி
ஒரு கொட்டாவிக்குக் காணாது.
கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்
ஈர மணலோடு தயிர் டப்பாவில் புதைத்து
ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்தேன்.
மேல்தட்டில் இட்லி மாவு, பக்கத்தில் முருங்கைக்காய்.
நாச்சிமுத்து ஒரு ராத்திரி
அதை எடுத்துச் சோற்றில் கவிழ்த்தார்.
அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

தை மாசம் டிரான்ஸ்பார்மர் வெடித்து
ரெண்டு நாள் கரண்ட் இல்லை.
ஷிப்ட் முடிந்து ஓடி வந்தேன்.
மாவு பொங்கித் தரையெல்லாம் வழிந்திருந்தது.
டப்பாவைக் காணோம்.
கொல்லையில் ஒரு தெர்மோகோல் பெட்டி,
மீன் கவிச்சி, உடைத்த ஐஸ்,
ஐஸுக்கு நடுவில் என் தயிர் டப்பா.
"மீன்கடைக்காரன் சும்மாதான் குடுத்தான்"
என்றார் வண்டியைத் துடைத்துக்கொண்டே,
பெட்டிப்பக்கம் திரும்பாமல்.

மாசியில் பிசின் டின்களில் நட்டேன்,
துவைக்கிற கல்லுக்குக் கிழக்கே,
பதினொரு மணிக்கு மேல் வெயில் விழாத மூலையில்.
ஒன்று வரவே இல்லை.
ஒன்று முழ உயரம் வந்து
கீழிலையிலிருந்து மாவு பூசினாற்போல் வெளுத்தது;
வெண்டைக்கு வருமே, அதே சாம்பல் சீக்கு.
பால் கலந்த தண்ணி அடித்தேன்.
காற்றுப் புகட்டும் என்று நடுத்தண்டைக் கிள்ளினேன்.
போய்விட்டது.

இன்னொன்று
பங்குனிக் கடைசியில்
ஆறு பூ.
படத்தில் பார்த்தது போலக் கொத்தெல்லாம் இல்லை, ஆறு.
வார்ப்பு ஆறும்போது
கறுப்பதற்குச் சற்று முன் ஒரு நிறம் வந்து போகும்,
சிவப்பென்றும் சொல்ல முடியாது. அது.

சென்னியப்பன் பார்க்க வந்தார்.
குனிந்து மூக்கை வைத்தார்.
வாசம் பொழுது சாய்ந்தால்தான் என்றேன்.
பொழுது சாயும்வரை நின்றார்.
நாச்சிமுத்து ரெண்டு தரம் டீ போட்டார்.

அக்னி நட்சத்திரம் பிறக்குமுன்பே கருகிவிட்டது.
தரையோடு வெட்டினேன்.
பந்து பொறுக்கிப் போட
அந்தக் காலி டின்னைக் குடுங்க்கா என்கிறான்
எதிர்வீட்டுப் பையன்.
மணலை விலக்கி
நகத்தால் வேரைக் கீறினேன்.
உள்ளே வெள்ளை.
தர முடியாது கண்ணு.

கார்த்திகைக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கிறது.
கழுவிக் கவிழ்த்த தயிர் டப்பாவின் மேல்
மார்க்கரில் நாச்சிமுத்து இப்போதே எழுதி வைத்திருக்கிறார்:
ஃபிளக்ஸ். தின்னக் கூடாது.