கூம்பு

தடைக்காலம் முடிந்து இன்னாசி
கொடைக்கானலிலிருந்து திரும்பியபோது
பையில் ஒரு பைன் காய்.
மரத்தில் செதுக்கிய மீன் என்றுதான் நினைத்தேன்,
அத்தனை செதில்.

அறுபத்தொரு நாள் ஓட்டலில் தட்டுக் கழுவிய கை
அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்தது.
அந்த மரத்தடியில் ஒரு புல்லும் முளைக்காது என்றான்,
பெருமையாகத்தான்.
ஊசி உதிர்ந்து மெத்தை போட்டிருக்குமாம்.
நடந்தால் சத்தமே வராதாம்.
அண்ணாந்தால் கழுத்து வலிக்குமாம்.

எனக்குத் தெரிந்த ஊசி வேறு.
சேரான்கோட்டைக் கரையில் பாசிக்குப் போகையில்
கணுக்காலில் கோடு கிழிக்கும் ராவணன் மீசை.
அண்ணாந்து பார்க்க அதில் ஒன்றுமில்லை,
குனிந்தால் கண்ணைக் குத்தும்.
ஒரு கணு, ஒரு வேர்,
ஒரு முழம் ஓட்டம், மறுபடி கணு.
மணல் மூடினால்
மூடிய மணல் மேலேயே ஏறி உட்காரும்.
அப்படி வளர்ந்ததுதான் அந்த மேடு.
மேட்டுக்குப் பின்னால் அடும்பு,
அடும்புக்குப் பின்னால் எங்கள் ஊற்று,
குடம் முங்குமளவு நல்ல தண்ணீர்.

வம்புக்கென்றே அதன் காய் உருண்டை ஒன்றைப் பறித்துவந்து
மலைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.
மின்விசிறி போட்டதும் குதித்து ஓடியது
அடுப்படி, கட்டிலடி, வாசல்.
செரின் கூச்சலோடு பின்னால்.
மலைக்காய் அசையவில்லை,
பெண் பார்க்க வந்தவர் மாதிரி
வைத்த இடத்தில் இருந்தது.

ஐப்பசியில் வாடை திரும்பிய இரவு
இன்னாசி என்னை உலுக்கி எழுப்பினான்.
காய் மூடியிருந்தது.
செதிலோடு செதில் இறுக்கி,
முஷ்டி மாதிரி.
ஈரம் பட்டால் அப்படித்தான் என்று
செரினின் டீச்சர் பிறகு சொன்னார்.
அன்றிரவு எங்களுக்கு அது தெரியாது.
செத்தது என்று வைத்திருந்த ஒன்று
வெளியே மழையைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குக் கூம்பு என்று பேராம்.
பூ மூடினாலும் கூம்புவதுதானாம்.
கப்பலின் பாய்மரத்துக்கும் பழைய பேர் அதேயாம்.
இன்னாசிக்குத் தாங்கவில்லை.
"மலைக்கும் கடலுக்கும் ஒரே சொல்லு, பாத்தியா!"
பாத்தேன்.
புல்லுக்கு மட்டும்
தோற்றவன் முகத்து மயிர்.

அடுத்த தடைக்காலத்தில்
குடும்பத்தோடு மலைக்கே போய்விடலாம் என்கிறான்.
அங்கே காற்று வீட்டுக்குள் மணல் கொட்டாது,
நானும் ஒருநாள்
சத்தமில்லாமல் நடந்து பார்க்கலாம்.

குதிகாலில் ஒரு முனை ஒடிந்து உள்ளே இருக்கிறது,
நேற்றுக் குத்தியது.
விளக்கைக் கிட்டே பிடி,
எடுத்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.