ஒட்டாதது

புழுக்கை பொறுக்குவது என் வேலை.
சம்பளச் சீட்டில் அதற்கு நீளமான ஜெர்மன் சொல் ஒன்று இருக்கிறது.

பீல் நகருக்கு மேலே, காடு தொடங்கும் சரிவில்,
வேலிக்குள் பதினொரு மலையாடுகள்.
பலகையில் ஸ்டைன்பொக் என்று எழுதியிருக்கும்.
வருடை என்பது நான் வைத்துக்கொண்ட பெயர்.
எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவை திரும்புவதில்லை.

செரெய்னா நன்றாகத் தின்பாள்.
உலர்புல் கொட்டினால் முதலில் முட்டி வருபவள்.
ஆனாலும் பனிக்காலம் முடிவதற்குள்
இடுப்பெலும்பு, கோட் மாட்டும் கொக்கிபோலத்
தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது.
தின்றது உடம்பில் ஒட்டவில்லை என்றேன்,
ஊர்ஸிடம், எனக்கு வாய்த்த ஜெர்மனில்.
அவன் சிரிக்கவில்லை.
டாக்டர் இதற்கு அரை மணி நேரம் எடுத்தார், என்றான்.

குடலின் உட்சுவர் தடித்து, மடிந்து மடிந்து
மூளையின் மேற்புறம் போலாகிவிடுமாம்.
புல் அதைக் கடந்துபோகும்,
நம் ஸ்டேஷனில் நிற்காத ரயில்.

கிருமிக்கு அவசரமில்லை.
பெர்ன் ஆய்வகத்துக் குப்பியில் அது முளைக்கப்
பதினாறு வாரம்.
அதற்குள் மேட்டுப் பனியும் கரைந்தது.
நான் புதுச் சப்பாத்து வாங்கினேன்.
செரெய்னா ஒரு குட்டி ஈன்றாள்.
அது மடியை முட்டி முட்டிக் குடித்ததை
எல்லோரும் படம் எடுத்தோம்.
பாலிலும் அது இறங்கும் என்று
அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் மட்டும்?

கடிதம் வந்தபோது அவள் போய்ப் பன்னிரண்டு நாள்.
மற்றவற்றின் புழுக்கையும் அனுப்பவும், என்று இருந்தது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை
'பராமரிப்புக்காக மூடல்' பலகையை
நான்தான் வாசலில் மாட்டினேன்.
நிர்வாகி ரெகுலா காரை விட்டு இறங்கவில்லை.
குட்டியின் முடிவில் ஒன்றுமில்லை.
இன்னும் இல்லை என்று சொல்ல வேண்டும், என்றார் டாக்டர்.
அது கடைசிவரை பாறை பாறையாகத் தாவிக்கொண்டிருந்தது.
அதைப் பிடிக்கத்தான் நேரமானது.

பிறகு இயந்திரம் வந்து
ஓரடி மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனது.
எங்கே கொட்டினார்கள், நான் கேட்கவில்லை.

திங்கள் காலை, பழக்கத்தில், கையுறையோடு போனேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
வேலிக்கு வெளியே ஒரு காட்டு மான்,
கம்பியில் ஒட்டிய உப்பை நக்கிக்கொண்டு.
கண்ணை அல்ல, அதன் இடுப்பைத்தான் முதலில் பார்த்தேன்.
மூடுபனியில் தெரியவில்லை.
யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதும்தான்.

ஓடிவிட்டது.
குப்பியில் நாலைந்து உருண்டைகள் எடுத்தேன்.
ஒட்டுச்சீட்டில் தேதி எழுதினேன், இடம் எழுதினேன்.
விலங்கின் பெயர் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
குப்பி இன்னும் சூடாக இருக்கிறது.