மாதிரி எண் 83

பன்னீர் சோடா பாட்டில்கள் இரண்டில் கொண்டுவந்தார் குலாம் தஸ்தகீர்,
வாயில் சைக்கிள் டியூப் துண்டை இறுக்கிக் கட்டி.
"நானூத்திப் பன்னெண்டு அடி மேடம்.
கல்லு மாதிரி ஒண்ணு தட்டுச்சு, உடைச்சோம்.
தானா நுரைச்சுக்கிட்டு வருது."

திருத்துறைப்பூண்டியில் தானாக நுரைப்பது எதுவும்
முதலில் மீத்தேன்தான்.
குவளையின் விளிம்பில் தீக்குச்சியைக் காட்டினேன்.
அணைந்தது.
இன்னொன்று. அதுவும்.
சோடாக் கடையில் காசு கொடுத்து அடைக்கிற அதே வாயு.
அவர் விட்ட பெருமூச்சில் பீடி வாசம்.

முடிவு வரும்வரை குடிக்கக் கூடாது என்று
சுவரில் நானே ஒட்டிய தாள்.
குடித்தேன்.

நுனிநாக்கில் முதலில் எறும்பு வரிசை.
பிறகு ஒரு புளிப்பு, புளியுமில்லை எலுமிச்சையுமில்லை,
அடுத்த வீட்டில் மாங்காய் நறுக்கும் சத்தம்போல.
பிறகு இரும்பு:
தச்சர் உதட்டில் கவ்வியிருக்கும் ஆணி.
விழுங்கி வெகுநேரம் கழித்து
அண்ணத்தில் சுண்ணாம்பு,
வெற்றிலை இல்லாமல்.

ஆற்றுத் தண்ணீருக்கு இங்கே யாரும் ருசி சொல்வார்கள்.
அதில் மேட்டூர் இருக்கும், நீதிமன்றம் இருக்கும்,
கல்லணைக்கு இந்தப் பக்கம் குளித்த அத்தனை பேரும் இருப்பார்கள்.
இது
ஜூன் பன்னிரண்டில் மதகு திறந்தார்களா என்று
ஒருமுறையும் கேட்டிராத தண்ணீர்.
மேலே நாங்கள்
மூன்று போகம், இரண்டு, ஒன்று என்று
குறைந்துகொண்டே வந்தபோது
கீழே இருட்டில்
கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது.

வயல்காரி தையல்நாயகி போனில்:
"பருப்பு வேகலைங்க. சோப்பு நுரைக்கலை,
தண்ணிதான் நுரைக்குது.
ஆனா ஆப்பம் சுட்டேன் பாருங்க,
கொசுவலை மாதிரி கண்ணு கண்ணா."
ஆப்பத்துக்குப் படிவத்தில் இடமில்லை என்றேன்.
"அது உங்க படிவத்தோட குறைங்க."

கடினத்தன்மை எழுநூற்று நாற்பது.
இரும்பு ஒன்று புள்ளி எட்டு.
எண்களுக்கெல்லாம் கட்டம் இருந்தது.
சுவைக்கு மட்டும் இரண்டே சொல்:
ஏற்கத்தக்கது. ஏற்கத்தகாதது.
பேனா மூடியைக் கழற்றிவிட்டு
மறுபடி ஒரு வாய்.
அதற்குள் குமிழ் அடங்கிவிட்டிருந்தது.
இப்போது வெறும் ஆணி.
எந்த வாய்க்கு எழுதுவது?

குறிப்பு என்ற கோட்டில் 'பருப்பு வேகாது' என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

ஐந்தரை. விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டும்போது
உள்ளே அலமாரியில்
நான் தொடாத இரண்டாவது பாட்டில்
டப் என்று
தன் கட்டைத் தானே அவிழ்த்துக்கொண்டது.